கடலூர் வருகிறவர்கள் கேட்பவை: திருவிழாக்கள், பழைய கதைகள், ஒரு கிழங்கு

பிறந்தது மஞ்சக்குப்பம், குடியிருப்பது திருப்பாதிரிப்புலியூர். இரண்டுமே கடலூர்தான். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தக்காரர்கள், அவர்கள் கூட்டிக்கொண்டு வரும் நண்பர்கள், கல்யாணத்துக்கு வந்து ஒரு பகல் மிச்சமாகிப்போனவர்கள் எல்லாரும் வருஷா வருஷம் என்னிடம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதி வைத்துவிட்டேன். எதைக் கேட்டாலும் கடைசியில் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ கொண்டுபோய் விடுவேன். அது என் குறையில்லை, ஊர் அப்படி.

ரயிலில் வருகிறோம். கடலூருக்கு எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

பஸ் நிலையம், லாரன்ஸ் ரோடு கடைத்தெரு, பாடலீஸ்வரர் கோயில், சில்வர் பீச் என்றால் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன். முதுநகர், துறைமுகம், சிங்காரத்தோப்பு என்றால் கடலூர் துறைமுகம் சந்திப்பு. முதுநகரை இன்னும் பல பேர் 'ஓ.டி.' என்பார்கள். ஓல்டு டவுன் என்ற வெள்ளைக்காரன் காலத்துப் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டது. பேச்சில் திருப்பாதிரிப்புலியூர் 'திருப்பாப்புலியூர்' ஆகிவிடும். ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரையும் சொன்னால் நீங்கள் வெளியூர் என்று அவருக்குத் தெரிந்துவிடும், கட்டணமும் அதற்கேற்ப இருக்கும்.

கடல் இருப்பதால் கடலூர், சரிதானே?

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் பழைய பெயர் கூடலூர். கெடிலம், தென்பெண்ணை, பரவனாறு, உப்பனாறு எல்லாம் கடலைத் தேடி வந்து கூடுகிற இடம் என்பதால் கூடலூர். ஆங்கிலேயர் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி எழுத, அது திரும்பத் தமிழுக்கு வரும்போது கடலூர் ஆகிவிட்டது. பக்கத்திலேயே கடல் இருந்ததால் யாரும் சண்டைக்குப் போகவில்லை. நீலகிரியிலும் தேனியிலும் கூடலூர்கள் இருப்பதை நினைத்தால், நடந்ததும் நல்லதற்கே. இல்லாவிட்டால் பாதிப் பேர் கடற்கரை பார்க்கக் கிளம்பி மலை ஏறிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. 1993 செப்டம்பர் 30-ல் தென் ஆற்காடு மாவட்டம் விழுப்புரம், கடலூர் என்று இரண்டாகப் பிரிந்தது. அதுவரை முழுத் தென் ஆற்காட்டுக்கும் தலைநகரம் இந்த ஊர்தான். அதனால்தான் ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய பழைய அரசாங்கக் கட்டடங்களை மஞ்சக்குப்பத்தில் பார்ப்பீர்கள்.

மாசி மகத்துக்கு வரலாமா? எப்போது, எங்கே நிற்க வேண்டும்?

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வர முடியும் என்றால் அந்த நாளில் வாருங்கள். மாசிப் பௌர்ணமியை ஒட்டி மக நட்சத்திரம் வருகிற நாள், பிப்ரவரி இரண்டாம் பாதியிலோ மார்ச் முதல் பாதியிலோ விழும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தீர்த்தவாரி, அதாவது சாமிகளுக்குக் கடல் நீராட்டு. ஊருக்குள் இருக்கிற சாமிகளும் சுற்றுக் கிராமங்களின் அம்மன்களும் பிள்ளையார்களும் முருகர்களும் டிராக்டரிலும் மினி லாரியிலும் தோளிலுமாகக் கடற்கரைக்கு வந்து சேர்வார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சமத்துவம். பெரிய கோயில் சாமிக்குக் குடையும் நாதஸ்வரமும் இருக்கும். பக்கத்திலேயே ஒரு குக்கிராமத்து அம்மன், நாலு பையன்கள் தூக்கிவர, ஒரே ஒரு பம்பையோடு வந்து நிற்பாள். அலை இரண்டு பேருடைய காலையும் ஒரே மாதிரிதான் நனைக்கும். அன்றைக்கு முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களும் ஏராளம். ஒரு பக்கம் மொட்டைத் தலைகள், இன்னொரு பக்கம் பலூன் கடை, நடுவில் எள்ளும் தண்ணீரும்.

காலை 6 மணிக்கெல்லாம் போய்விடுங்கள். 8 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி நகராது. காரை மஞ்சக்குப்பம் பக்கமே விட்டுவிட்டு நடந்துவிடுவது உத்தமம். பிள்ளைகளை அலையில் இறக்காதீர்கள். சில்வர் பீச் பார்க்கச் சாதுவாகத் தெரியும், காலுக்கடியில் மணல் இழுக்கும். எனக்கு 7 வயதில் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டே தீர்த்தவாரி பார்த்தார். "ஏம்ப்பா, சாமிக்கு உப்புத் தண்ணி கண்ணு எரியாதா?" என்று கேட்டேனாம். இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

கிள்ளை தீர்த்தவாரி என்கிறார்களே, அது வேறா?

வேறு. அது நம் மாவட்டத்திலேயே தெற்கே, சிதம்பரம் பக்கம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி மாசி மகத்துக்காக அங்கிருந்து புறப்பட்டுக் கிள்ளை கடற்கரைக்கு வருவார். வழியில் தர்காவில் சாமிக்கு வரவேற்பு உண்டு, முஸ்லிம்கள் மரியாதை செய்து அனுப்புவார்கள். இதை யாரும் மேடை போட்டு ஒற்றுமை விழா என்று நடத்துவதில்லை. தாத்தா காலத்தில் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம் என்ற அளவில் நடக்கிறது. ஒரே நாள் என்பதால் கிள்ளை, தேவனாம்பட்டினம் இரண்டையும் பார்க்க முடியாது. ஒரு வருஷம் அது, ஒரு வருஷம் இது.

பொங்கல் முடிந்து லீவு இருக்கிறது. என்ன பார்க்கலாம்?

ஆற்றுத் திருவிழா. தை 5-ம் நாள், ஜனவரி 18 அல்லது 19. சென்னைக்காரர்களுக்கு இப்படி ஒரு திருவிழா இருப்பதே தெரியாது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்து ஆட்களுக்குப் பொங்கல் அன்றைக்குத்தான் உண்மையில் முடிகிறது. போகி, பெரும் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், ஒரு நாள் விட்டு ஆறு.

தென்பெண்ணைக் கரையில் சாமிகள் வந்து இறங்கும். கடலூரில் பெரியகங்கணாங்குப்பம், ஆல்பேட்டை பக்கம் போனால் கூட்டம் தானாக உங்களை இழுத்துக்கொண்டு போகும். மாசி மகத்தில் சாமி கடலுக்குப் போகிறது, இதில் ஆற்றுக்கு வருகிறது. ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் முகம் வேறு. மாசி மகத்தில் பாதிப் பேர் முகத்தில் இறந்தவர்களின் நினைப்பு இருக்கும். ஆற்றுத் திருவிழாவில் எல்லாரும் சாப்பிட வந்தவர்கள். மணலில் பாய் விரித்துப் புளிசாதம், ராட்டினம், வளையல் கடை, கரும்பு. இவற்றுக்கெல்லாம் மேலே சிறுவள்ளிக்கிழங்கு. மண் ஒட்டிய கிழங்கைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்து விற்பார்கள். வேறு நாளில் மார்க்கெட்டில் கிடைத்தாலும் வாங்க மாட்டோம். ஆற்றுத் திருவிழாவில் வாங்கினால்தான் அது சிறுவள்ளிக்கிழங்கு. என் ஆயா கிழங்கு இல்லாமல் வீடு திரும்பியதே இல்லை. சாமியைப் பார்க்க மறந்து திரும்பியிருக்கிறாள்.

ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்பது அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது. பல தைகளில் மணல் மேடும் நடுவில் ஒரு ஓடையும்தான். ஆனால் இதே ஆறுதான் 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரோடு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த மாதமே அதே கரையில் திருவிழாக் கடை போட்டார்கள் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். எங்களுக்கு இல்லை.

'கரையேறவிட்ட குப்பம்' என்று ஒரு இடம். அங்கே கரையே இல்லையே?

என் தங்கச்சி வீட்டுக்காரர் பெங்களூர்க்காரர். வண்டிப்பாளையம் பக்கம் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 7-ம் நூற்றாண்டு. அப்பர் என்கிற திருநாவுக்கரசர் முதலில் சமணராகத் தருமசேனர் என்ற பெயரில் இங்கிருந்த பாடலிபுத்திரச் சமணப் பள்ளியில் இருந்தவர். சூலை நோய் வந்து, அக்கா திலகவதியாரிடம் போய், சைவத்துக்குத் திரும்பினார். சமணம் சார்ந்திருந்த பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான். கடைசியில் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினான். அவர் நமச்சிவாயப் பதிகம் பாட, கல்லே தெப்பமாகிக் கரை சேர்த்தது என்பது பெரியபுராணம் சொல்வது. கரை ஏறிய இடம்தான் கரையேறவிட்ட குப்பம்.

இன்றைக்கு அங்கே நின்று பார்த்தால் கடலும் தெரியாது, ஆறும் தெரியாது, வீடுகள்தான். அந்தக் காலத்தில் கெடிலம் திருப்பாதிரிப்புலியூருக்குத் தெற்கே ஓடியது, பிற்பாடு வழி மாறி வடக்கே போய்விட்டது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து ஆற்றங்கரையில் ஏறினார் என்றால் இடம் பொருந்திவிடுகிறது. ஆறு இடம் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. கல் மிதந்ததா என்பது அவரவர் நம்பிக்கை. ஆறு எங்கே ஓடியது என்பதற்கு இந்த ஊர்ப் பெயர் ஒரு தடயம் என்பது என் கட்சி.

சித்திரையில் அப்பர் கரையேறிய விழா நடக்கும். சத்தமில்லாத விழா, ஓதுவார்கள் தேவாரம் பாடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பாதிரி, புலி இரண்டும் ஊர்ப் பெயரில் எப்படி வந்தன?

பாதிரி, பாடலீஸ்வரர் கோயிலின் தல மரம். புலிக்கால் முனிவர் வழிபட்டதால் புலியூர். சர்ச் பாதிரியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதையும் கேட்டவர்கள் உண்டு. கோயிலின் பெரிய திருவிழா வைகாசியில். தேர் ஓடுகிற நாளில் அந்தப் பக்கம் வண்டியில் போக நினைக்காதீர்கள்.

டேவிட் கோட்டையைப் பார்க்க முடியுமா?

கோட்டை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்கு அருகே இடிந்த சுவர்களும் மேடும் செடிகொடியும் மிச்சம். ஆனால் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்த மேட்டில் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இதைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனி கவர்னர் எலிஹு யேல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். அவர் குடும்பம் வேல்ஸ் நாட்டுக் குடும்பம். வேல்ஸின் புனிதர் டேவிட்டின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்.

விற்பனையில்தான் வேடிக்கை. கோட்டையோடு சேர்த்து, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். நில அளவை, எல்லைக்கல் எதுவும் இல்லை. நாலு பக்கமும் சுட்டார்கள், குண்டு விழுந்த ஊர்களெல்லாம் போச்சு. அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நின்றுவிட்டது. இன்றைக்கும் குண்டு உப்பலவாடி இருக்கிறது, குண்டு சாலை இருக்கிறது. பஸ் கண்டக்டர் அந்தப் பெயரைக் கூவும்போதெல்லாம், அன்று வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன் தலைக்கு மேல் குண்டு பறந்து, தான் யாருடைய குடிமகன் என்பதே மாறிப்போனது எனக்கு நினைவுக்கு வரும். ஐயோ பாவம், அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்னைக்கு முன்னால் கடலூர்தான் தலைநகரமாமே?

முன்னால் இல்லை, நடுவில். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் டேவிட் கோட்டைக்கு வந்தது. 1752 வரை இங்கேதான். சென்னையில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடம் போட்டுத் தப்பி வந்து சேர்ந்ததும் இந்தக் கோட்டைக்குத்தான். பேனாவை வைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்ததும் இங்கேதான். 1756-ல் அவரே இதற்கு அதிகாரியாக வந்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். நீங்கள் பார்க்கிற இடிபாடு கடல் அரித்தது பாதி, லாலி இடித்தது பாதி.

அதோடு விடவில்லை. 1783 ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைக்கும் ஆங்கிலேயக் கப்பற்படைக்கும் பெரிய சண்டை. சஃப்ரான் ஒரு பக்கம், ஹியூஸ் இன்னொரு பக்கம். கரையில் ஆங்கிலேயப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தது. இதில் கொடுமை, ஐரோப்பாவில் இரண்டு நாடுகளும் அந்த ஜனவரியிலேயே சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டன. செய்தி கப்பலில் வந்து சேரவில்லை. முடிந்துபோன சண்டைக்கு இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1785-ல் கடலூர் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. சில்வர் பீச்சில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே தொடுவானத்தைப் பார்த்து இதைச் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள். பாடப் புத்தகத்தில் வந்தபோது நானே தூங்கிவிட்டேன்.

திருவந்திபுரத்தில் ஏன் அவ்வளவு கல்யாணம்?

வேண்டுதல். ஊருக்கு மேற்கே சுமார் 6 கிலோமீட்டரில், கெடிலக் கரையில் தேவநாத சுவாமி கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எதிரே ஹயக்ரீவர் இருக்கிற ஔஷதகிரி என்னும் சின்ன மலை. 'பிள்ளைக்குக் கல்யாணத்தை உன் சன்னிதியிலேயே வைக்கிறேன்' என்று வேண்டிக்கொண்ட குடும்பங்களெல்லாம் முகூர்த்த நாளில் அந்த மலைக்கு வந்துவிடும். நல்ல முகூர்த்தமாக இருந்தால் ஒரே காலையில் 100 ஜோடிக்கும் மேல். ஒரு கெட்டிமேளம் முடிவதற்குள் பக்கத்தில் இன்னொன்று தொடங்கும், எது யாருக்கு என்று தெரியாமல் அட்சதை பறக்கும். என் சித்தப்பா ஒருமுறை பக்கத்துக் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு வந்தார். திருப்பிக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, "போகட்டும், அதுவும் நல்ல பிள்ளையாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

வேதாந்த தேசிகர் பல காலம் வாழ்ந்த ஊர் இது. அவரே வெட்டியதாகச் சொல்லப்படும் கிணறும் உண்டு. முகூர்த்த நாளில் போனால் கல்யாணம் பார்க்கலாம், மற்ற நாளில் போனால் சாமி பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்க்காதீர்கள்.

பாரதியார் கடலூரில் ஜெயிலில் இருந்தாராமே?

ஆமாம். 10 வருஷம் புதுச்சேரியில் இருந்த பாரதி, முதல் உலகப் போர் முடிந்ததும் 1918 நவம்பர் 20-ல் எல்லை தாண்டினார். தாண்டியதும் கைது. டிசம்பர் 14 வரை 24 நாள் கடலூர்ச் சிறையில். கேப்பர் மலை மேல் இருக்கிற மத்திய சிறை 1865-லிருந்து இருக்கிறது. செம்மண்ணும் முந்திரி மரங்களுமான மேடு அது. இன்னும் சிறைதான், சுற்றிப் பார்க்கும் இடம் கிடையாது. வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வருகிற தூரத்தைக் கடக்க அவருக்கு 10 வருஷம் ஆயிற்று.

அஞ்சலை அம்மாள் யார்? இப்போது நிறையக் கேள்விப்படுகிறோம்.

முதுநகரில் 1890-ல் பிறந்தவர். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1927-ல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் சிறு பெண்ணான மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனார். காந்தி அந்தக் குழந்தைக்கு லீலாவதி என்று பெயர் வைத்தார். 1937-ல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஊரில் எல்லாரும் சொல்கிற கதை வேறு. காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலை அம்மாளைச் சந்திக்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. இவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்பார்கள். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தி சொன்னதும் இதற்காகத்தான் என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கிளைவைப் பற்றி ஒரு பாடம் முழுக்க நடத்தினார்கள், அஞ்சலை அம்மாளைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. அதே ஊர்ப் பள்ளிக்கூடம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

டிசம்பர் 26 அன்று கடற்கரைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் சுற்றுலாவாகப் போகாதீர்கள்.

2004-ல் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. காலையில் நான் லாரன்ஸ் ரோட்டில் இருந்தேன். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஈரத் துணியோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். "கடல் உள்ள வருது" என்று ஒரு அம்மா கத்திக்கொண்டே போனார். யாருக்கும் புரியவில்லை. கடல் எப்படி உள்ளே வரும்? சுனாமி என்ற வார்த்தை அன்று காலை 9 மணிக்கு ஊரில் யாருக்கும் தெரியாது, சாயங்காலம் குழந்தைகள்கூடச் சொன்னார்கள். மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நாகப்பட்டினம், கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் அதிகம் பறிகொடுத்தது நாங்கள்தான். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அக்கரைகோரி, தாழங்குடா என்று குப்பம் குப்பமாகச் சாவு.

ஒவ்வொரு வருஷமும் அன்று காலையில் மீனவக் குடும்பங்கள் கடலில் பால் ஊற்றிப் பூப்போட்டு அழுவார்கள். படகுகள் கடலுக்குப் போகாது. ஓரமாக நில்லுங்கள். போனில் படம் எடுக்காதீர்கள்.

டிசம்பர் எங்களுக்கு அவ்வளவாக ஆகாத மாதம். 2011-ல் தானே புயல் டிசம்பர் 30 விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு வைத்த மரங்கள்தான் இப்போது உங்களுக்குப் பலாப்பழம் தருகின்றன.

நல்ல மீன் எங்கே, எப்போது?

முதுநகர் துறைமுகத்தில் விடிகாலையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த நாட்களில் வருகிறவர்கள் பைபர் படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வருவதை வாங்கலாம், விலை கூடுதல்தான். வஞ்சிரம் வஞ்சிரம் என்று அலையாதீர்கள். சங்கராவும் நெத்திலியும் இந்தக் கரையில் நன்றாக இருக்கும். விற்கிற அக்காவிடம் "குழம்புக்கு எதுக்கா நல்லாருக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். பேரம் பேசினால் திட்டுவார், யோசனை கேட்டால் ஒரு மீன் கூடப் போடுவார்.

அப்படியே பாண்டிச்சேரியும் பார்த்துவிடலாமா?

20 கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ் அடிக்கடி உண்டு. ஆகஸ்ட் மத்தியில் வருகிறவர்கள் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பாருங்கள். ஆடி வெள்ளித் தேர், மீனவர்களின் கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார், அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. பக்கத்திலேயே அரிக்கமேடு. ரோமாபுரியோடு வணிகம் நடந்த துறைமுகம் மண்ணுக்கடியில் கிடக்கிறது. போகும் வழியில் முள்ளோடையில் மட்டும் ஏன் அத்தனை கூட்டம் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். மாநில எல்லை தாண்டினால் விலை குறைகிற பொருள் எது என்று உங்களுக்கே தெரியும்.

சிறுவள்ளிக்கிழங்கை வாங்கி வந்துவிட்டோம். என்ன செய்வது?

நம்பினால் நம்புங்கள், ஆற்றுத் திருவிழா முடிந்த இரண்டு நாளில் எனக்கு வருகிற போன்களில் பாதி இதற்குத்தான்.

மண் போக நாலைந்து தண்ணீரில் கழுவுங்கள். தோலை இப்போதே சீவாதீர்கள். கிழங்கு முழுகத் தண்ணீர் வைத்து, கல் உப்புப் போட்டு, தோல் வெடிக்கிற வரை வேகவிடுங்கள். குக்கரில் வைத்தால் குழைந்துவிடும், திறந்த பாத்திரம் நல்லது. சூடு ஆறுவதற்குள் உரித்தால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும். அப்படியே சாப்பிடலாம், வெல்லத்தோடும் சாப்பிடலாம். மிஞ்சினால் மறுநாள் மிளகாய்த்தூள் போட்டு வறுக்கலாம், புளிக்குழம்பிலும் போடலாம். எங்கள் வீட்டில் மிஞ்சியதில்லை.